நீல மூடிப் போத்தில்கள்

யூஜினி,

மீன்குழம்பு அடுப்பில கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடும். பியர் வைச்சிருக்கிற கராஜின்ர பூட்டுத் திறப்பு அரிசி வாளிக்குப் பின்னால.

அஞ்சு மணிக்குப் பக்கத்து வீட்டு அன்ட்ரூ அண்ணை பியர் எடுக்க வருவார். சிவப்பு மூடி போட்ட ஆறு போத்திலையும் குடும். அது பார்லியில முதல் வடிச்ச கடும் பியர். நீல மூடியைத் தொட விடாதேயும். அது அதே பார்லிக்குத் திரும்பச் சுடுதண்ணி விட்டு எடுத்தது. நீர் பார்லிப் பையைத் தேங்காய்ப்பூ மாதிரி ரெண்டு கையாலயும் பிழிஞ்சீரே, அது.

பிழிஞ்சா பியர் துவர்த்துக் கயர்க்கும் எண்டு புத்தகத்தில கிடந்தது. அதை நம்பித்தான் அண்டைக்குக் கத்தினனான். மகள் ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறினாப்பிறகு நீர் பேஸ்மென்ருக்கு இறங்கி வந்ததே அண்டைக்குத்தான். கையைத் துடைச்சுப்போட்டு மேல போனனீர்தான், நாலு கிழமையா கீழ வரேல்லை.

நேற்று நீலத்தில ஒண்டைத் திறந்தன். கயர்க்கேல்லை. சிவப்பை விட இதுதான் நல்லாயிருக்கு. அதைச் சொல்லப் பக்கத்தில ஆருமில்லை. பாதியோட மூடி வைச்சிட்டன்.

வேலை முடிஞ்சு வரப் பதினொண்டாகும். எனக்காக முழிச்சிருக்க வேண்டாம்.

சீமோன்

பி.கு.: அந்தப் பாதிப் போத்தில் பிரிட்ஜ் கதவில கிடக்கு. காஸ் போயிருக்கும், எண்டாலும் ஒரு வாய் குடிச்சுப் பாரும்.

இன்னும் ஒண்டு. சனிக்கிழமை திரும்பப் பார்லி போடுறன். நனைஞ்ச பை சரியான பாரம். நான் தூக்கிப் பிடிச்சா, பிழிய ஆளில்லை.