அரைக்கால் பலம் மயில்துத்தம்

வெண்மலை நாடு வாழ்க. அதன் எல்லை காக்கும் கண்கள் ஒளி குன்றாதிருக்க.

கருங்குன்றக் கோட்டைத் தலைவர், புறமுதுகு காட்டா மறவர், மருதங்கோ அவர்கள் திருமுன்னர், அரசர் வேல்நம்பிப் பெருமானின் மருத்துவ அமைச்சன் கீரஞ்சாத்தன் வணங்கி விடுக்கும் ஓலை. இக்கையெழுத்து என்னுடையதன்று, நான் சொல்ல என் மகள் நப்பாலை எழுதுகிறாள். அதனால் இதைப் பகைவர் ஓலையென ஐயுற வேண்டா. காரணம் பின்னர் உரைப்பேன். முதலில் இதைக் கேட்பீராக: கண்ணோயுற்ற நும் வீரர் நானூற்றுவரில் ஒருவர் கண்ணிலும் அம்மருந்து நீரை இடற்க.

பத்துப் படி நீரில் ஏழரைப் பலம் மயில்துத்தமாகிய நீலவுப்பைக் கரைத்துத் தாழியில் வைத்திருப்பதாகவும், நாளை வெள்ளி விடியலில் அனைவர்க்கும் இடுவதாகவும் நும் ஓலை இன்று காலை உரைத்தது. ஏழரை என்ற சொல்லில் சனியே நேரில் வந்து நிற்கக் கண்டேன். கரைத்திருக்க வேண்டியது ஒன்றேகால் பலம்.

பிழை நும் மருத்துவர் மேலதன்று, என் மேலது. படிக்கு அரைக்கால் பலம் என்று எழுதினேன். அதாவது காலில் பாதி, எட்டில் ஒரு பங்கு. ஏடு கிழியும் என்று அஞ்சி வழக்கம்போல் மெய்யெழுத்துக்குப் புள்ளியின்றி எழுதினேன். அவர் அதை அரையும் காலும் எனப் பிரித்து முக்கால் பலம் என்று கொண்டார். ஆறு மடங்கு! அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பர், துத்தமோ அமிழ்தமுமன்று.

கோட்டையில் நீர் அரிதென அறிவேன். ஆதலின் முழுத் தாழியையும் திருத்த முயல வேண்டா, அதற்கு ஐம்பது படி நன்னீர் செல்லும். தாழி திறந்திருந்து நீர் குறைந்திருப்பின், குறைந்தது நீரேயன்றித் துத்தமன்று. ஆகவே முதலில் பழைய மட்டத்திற்கு நீர் வார்த்துக் கலக்குக. பின் அதிலிருந்து இரண்டு படி முகந்து, பத்துப் படி நன்னீரில் சேர்க்க. பன்னிரண்டு படியாகும், நானூற்றுவர்க்கும் போதும். உடன் வரும் பளிங்குக் குப்பியில் சரியான நீர் உளது. இரண்டையும் வெண்கிண்ணங்களில் வார்த்துப் பகலொளியில் நோக்குக. நிறம் ஒத்தாலன்றி ஒரு துளியும் இடற்க. தாழியில் எஞ்சியதைச் சுனைக்கு அப்பால் குழி தோண்டி ஊற்றி மூடுக.

இனிக் கையெழுத்தின் காரணம். இச்செய்தி கொண்டு செல்ல அவையில் குதிரை கேட்டேன். சற்றே எரியும், அவ்வளவுதானே, போர்க்காலத்தில் அதற்கொரு குதிரையா என்று குதிரைத் தலைவர் வினவினார். வாதிட நேரமில்லை. படிக்கு முக்கால் பலம் கரைத்து, அவர் முன்னிலையில் என் இடக்கண்ணில் இட்டேன். நண்பகலில் கருமணி வெளுத்தது. வலக்கண்ணும் நீர் பெருக்கி ஏட்டைக் காட்ட மறுக்கிறது. இடக்கண் இனித் தேறாதென்பதை என் கலையே எனக்குச் சொல்கிறது, வருந்துகிறேன், மறைப்பானேன்.

இம்முறை ஒவ்வொரு புள்ளியும் இட்டெழுதுமாறு மகளைப் பணித்தேன். இரண்டு ஏடுகள் கிழிந்தன, இது மூன்றாவது.

விடியுமுன் ஓலை சேர்க. அரசாணைப்படி இவ்வாறே செய்க. மீன் பொறித்த அரக்கு முத்திரையை என் கையாலேயே தடவிப் பார்த்து இட்டேன்.

குதிரை கிடைத்தது.