தங்கள் சன்னலுக்குக் கீழே நிற்கும் வெள்ளை வண்டி குறித்து

அனுப்புநர்:
தண்ணீர் கேன் வண்டிக்காரரின் இளைய மகள்
(வண்டியின் உரிமையாளரான தந்தையின் ஒப்புதலோடு),
நீர்த்தொட்டிச் சாலை, மூன்றாம் சந்து, கடைசி வீடு.

பெறுநர்:
வாகனத் தகுதிச் சான்று அலுவலர் அவர்கள்,
முதல் மாடி, சன்னலோர அறை.

பொருள்: டீசல் பிக்கப் வண்டி – புகை இல்லாதிருந்தும் தகுதிச் சான்று மறுக்கப்பட்டது – தங்கள் வளாகத்திலேயே பழுது பார்க்கவோ, வெளியே இழுத்துச் செல்லவோ, இரண்டில் ஒன்றுக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகை. 2. எங்கள் வண்டியின் முன்கண்ணாடியில் தங்கள் அலுவலகம் ஒட்டிய சீட்டு.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. தங்கள் அறையின் சன்னலைத் திறந்து கீழே பார்த்தால் வெள்ளை நிற பிக்கப் வண்டி ஒன்று தெரியும். ‘அலுவலர் வாகனம் மட்டும்’ என்று எழுதிய இடத்தில் ஒன்பது நாட்களாக நிற்கிறது. அது எங்களுடையது. அந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எப்படி வந்தது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். சற்று நீளம்தான். ஆனால் தங்கள் அலுவலகத்தில் எங்களைக் காக்க வைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் இதைப் படிக்கும் நேரம் ஒன்றுமில்லை.

2. என் தந்தை வீட்டின் பின்கட்டில் குடிநீர் சுத்திகரித்து, கேன்களில் அடைத்து விற்பவர். அவருடைய பெரிய வாடிக்கை மேட்டுத்தெருவில் உள்ள பெண்கள் விடுதி. நூற்று நாற்பது பேர். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இந்த ஒரு வண்டியை நம்பித்தான் விடுதி தண்ணீர் குடிக்கிறது. விடுதியை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம்.

3. இது புதிய வகை வண்டி. இதன் புகைக்குழாயின் நடுவே ஒரு வடிகட்டி இருந்து கரியைப் பிடித்து வைக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறி இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால், பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். தண்ணீர் கேன் வண்டி இருபது நிமிடம் எங்கும் நிற்காமல் ஓடினால் அது தண்ணீர் கேன் வண்டியே அல்ல என்பதை இதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் அப்பா இதை வெறும் வண்டியாகப் புறவழிச் சாலைக்கு ஓட்டிப் போய்த் திரும்பி வருவார், சர்க்கரை நோயாளியை நடக்கக் கூட்டிப்போவது போல. “இத்தனை வருஷத்துல என்னைய ஒரு ஞாயித்துக்கிழமை இப்படி வெளிய கூட்டிட்டுப் போயிருப்பாரா” என்று அம்மா வாசலில் நின்று கேட்பார். வண்டிக்கு நலம் என்றால் வீட்டில் இப்படிச் சில மனக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

4. வடிகட்டி போதாதென்று, புகையின் நஞ்சை முறிக்க யூரியா கலந்த ஒரு திரவத்தையும் இந்த வண்டி குடிக்கிறது. அதற்குத் தனித் தொட்டி. எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. மறைக்க விரும்பவில்லை. சென்ற மாதம் அந்தத் திரவம் கடையில் கிடைக்கவில்லை. அப்பா பழைய பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். மூன்றில் ஒரு பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த நீர் என்று இருந்தது. “மீதி தண்ணிதானே? நம்ம தண்ணியவிடச் சுத்தமான தண்ணி இந்த ஊர்ல ஏதும்மா?” என்று கேட்டுவிட்டு, எங்கள் கேனிலிருந்து இரண்டு லிட்டரை ஊற்றிவிட்டார். நூற்று நாற்பது பெண்கள் நம்பிக் குடிக்கும் தண்ணீரை வண்டி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வாசகம் வந்தது: இன்னும் 200 கிலோமீட்டர், அதன் பின் அணைத்தால் வண்டி மீண்டும் கிளம்பாது.

5. அன்றே சர்வீஸ் சென்டருக்குப் போனோம். தொட்டியைக் கழுவி நல்ல திரவம் ஊற்றினார்கள். ஆனால் திரவத்தைச் சுவை பார்க்கும் சென்சார் கெட்டுவிட்டது. புதியது வர மூன்று வாரம் ஆகும். அதுவரை விளக்கும் அணையாது, எண்ணிக்கையும் நிற்காது என்றார்கள். தொட்டியில் இருப்பது நல்ல திரவம்தான் என்பது வண்டியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கையேட்டைப் புரட்டினேன். நானூறு பக்கம். இந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி: ‘சர்வீஸ் சென்டரை அணுகவும்’.

6. தகுதிச் சான்று முடியும் நாள் அதற்கு முன்பே வரவிருந்தது. சான்று இல்லாத வண்டியை விடுதிக் காப்பாளர் கேட்டுக்குள் விடமாட்டார். ஆகவே தங்களிடம் வந்தோம். தங்கள் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். முதல் முறை வந்தபோது புகை அளக்கும் கருவி பழுது. இரண்டாம் முறை கருவி வேலை செய்தது. எங்கள் வண்டியின் புகையை அளந்த தங்கள் உதவியாளர், கருவிதான் மறுபடி கெட்டுவிட்டதோ என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவ்வளவு குறைவு. சீட்டை இணைத்திருக்கிறேன். ஆனால் மஞ்சள் விளக்கு எரிவதால் சான்று இல்லை என்றார். புகையே இல்லையே என்று அப்பா கேட்டதற்கு, “புகை வருதா வரலையாங்கிறது இல்ல பெரியவரே, வெளக்கு எரியுதா எரியலையாங்கிறதுதான் கேள்வி” என்று பதில் வந்தது. அந்த நேர்த்தியான வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

7. எங்கள் கண்முன்னே அடுத்து வந்த வண்டிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதன் விளக்கு சாதுவாக அணைந்திருந்தது. அதன் பின்னால் நின்றவர்களைத்தான் சிறிது நேரம் காணவில்லை. கருவியின் முனை அதன் குழாய்க்குள் நுழையவே இல்லை. ஒரு முழம் தள்ளி நின்று மரியாதை செய்துவிட்டுத் திரும்பியது. சான்று கிடைத்தது.

8. வியப்போடு நின்ற எங்களுக்குத் தங்கள் உதவியாளர் முகவாயால் எதிர்ப்புறத்தைக் காட்டினார். தங்கள் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு பட்டறை. அதன் உரிமையாளரை எல்லோரும் ‘டாக்டர்’ என்றே அழைக்கிறார்கள். சுவரோரம் பத்துப் பதினைந்து வண்டிகளின் வடிகட்டிகளைக் குடல் உருவிய நிலையில் அடுக்கி வைத்திருக்கிறார். அவர் அப்பாவிடம் சொன்னது: “வயித்தக் காலி பண்ணிடலாம்ணே. அப்புறம் கம்ப்யூட்டர்கிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடலாம். அது நம்பிடும். பாவம், மிஷின்தானே.” ஒரு மணி நேர வேலையாம். அதன் பிறகு விளக்கு எரியாது, எண்ணிக்கை ஓடாது, ஞாயிற்றுக்கிழமை உலாவும் தேவையில்லை. தங்கள் சோதனையிலும் தேறிவிடும். தேறாத வண்டி இதுவரை தன் கையில் இல்லை என்றார். நான் நம்புகிறேன்.

9. அப்பா மறுத்துவிட்டார். அவர் பெரிய கொள்கைக்காரர் அல்லர். கேன் இறக்கும்போது வண்டியின் பின்னால் குனிந்து நிற்பார். விடுதிப் பெண்களும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். “நான் குனியிற எடத்துலதான் அது மூச்சு விடுது. அதோட வாயக் கெடுத்தா என் நெஞ்சுதானே கெடும்” என்றார். பழைய வண்டி இருந்தவரை எங்கள் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணி எதுவும் மாலைவரை வெள்ளையாக இருந்ததில்லை என்பதை அம்மா சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

10. மூன்றாம் முறை, சென்சார் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்ற சர்வீஸ் சென்டரின் கடிதத்தோடு வந்தோம். கடிதம் சரி, முத்திரை இல்லை. முத்திரையோடு வந்தால் ஒரு மாதத்துக்கு இடைக்காலச் சான்று தரலாம் என்றார்கள். வண்டியைக் கொண்டுவராமல் கடிதத்தை மட்டும் கொண்டுவரலாமா என்று கேட்டேன். வண்டி இல்லாமல் வண்டிக்கு எப்படிச் சான்று தருவது என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயம்தான். எங்களிடம் இருந்த இருநூறு கிலோமீட்டரில், அடுத்துச் சொல்லப்போகும் நான்காம் வருகையையும் சேர்த்து, நூற்று முப்பத்து மூன்றைத் தங்கள் அலுவலகமே குடித்துவிட்டது. எங்கள் வண்டி தன் வாழ்நாளில் ஒரே இடத்துக்கு இவ்வளவு பக்தியோடு வந்ததில்லை.

11. நான்காம் முறை, சான்று முடிவதற்கு முந்தைய நாள், முத்திரையோடு வந்தோம். தங்கள் கேட்டைத் தாண்டும்போது திரையில் 0 என்று வந்தது. அணைக்காத வரை வண்டி ஓடும். ஆகவே அணைக்காமலே சான்றை வாங்கி, அணைக்காமலே வீட்டுக்கு ஓட்டிப்போய், சென்சார் வரும்வரை வாசலில் நிறுத்திவிடுவது என்று திட்டம். அப்பா இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. நான்தான் கடிதத்தோடு உதவியாளரிடம் போனேன். அவர் வண்டியிடம் வந்து, எஞ்சின் எண்ணைப் பார்க்க வேண்டும், “அந்தா, அங்க போட்டுட்டு ஆஃப் பண்ணுங்க” என்று இந்த இடத்தைக் காட்டினார். இது அலுவலர் இடமாயிற்றே என்றேன். “ஐயா இன்னைக்கு வரமாட்டாரும்மா” என்றார். அணைத்தால் கிளம்பாது என்று அப்பா இரண்டு கைகளையும் கூப்பிச் சொன்னார். அவர் யாரிடமும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. “ஓடுற வண்டியில நான் எப்படிக் கைய விடுறது? விதின்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார் உதவியாளர். அப்பா அணைத்தார். எஞ்சின் எண் சரியாக இருந்தது. வண்டி கிளம்பவில்லை. கிளம்பாத வண்டிக்கு இடைக்காலச் சான்று தர விதியில் இடமில்லை என்று தெரிவிக்கப்பட்டது.

12. மறுநாள் எங்கள் வண்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: ‘இங்கு வண்டி நிறுத்துவது தண்டனைக்குரியது.’

13. சென்சார் நேற்று வந்துவிட்டது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை மாட்டவும் கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்தவும் மெக்கானிக்குக்குக் கால்மணி நேரம் போதுமாம். ஆனால் தங்கள் வளாகத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கக் கூடாது என்று பலகையின் நான்காம் வரி சொல்கிறது. சரி, கயிறு கட்டி வெளியே இழுத்துச் செல்கிறோம் என்றால், சான்று இல்லாத வண்டி சாலையில் இறங்கக் கூடாது என்று ஏழாம் வரி சொல்கிறது. நான்காம் வரியையும் ஏழாம் வரியையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை போலும். இரண்டும் தங்கள் கையெழுத்தின் மேலேயே சந்தித்துக்கொண்டிருப்பதால் தங்களிடம் முறையிடுகிறேன்.

14. இந்த ஒன்பது நாளும் அப்பா இரவல் வாங்கிய தள்ளுவண்டியில் விடுதிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார். தடவைக்குப் பன்னிரண்டு கேன். நாளுக்கு நான்கு தடவை. மேட்டுத்தெருவின் ஏற்றத்தில் முதல் நாள் இரண்டு இடத்தில் நின்றார். இப்போது ஐந்து இடத்தில் நிற்கிறார். அவருக்கு வயது அறுபத்து இரண்டு. விடுதிப் பெண்கள் சிலர் ஏற்றத்தின் பாதிவரை இறங்கிவந்து பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். காப்பாளர் நல்லவர், இம்மாதம் 20ஆம் தேதிவரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வேறு ஒருவர் தண்ணீர் தருவார். அவருடைய வண்டி ஏழாம் பத்தியில் சான்று பெற்ற வண்டிதான்.

15. தாங்கள் ஐந்தாம் நாள் அலுவலகம் வந்ததை அறிவேன். தங்கள் இடத்தில் நாங்கள் நின்றதால் தங்கள் ஓட்டுநர் மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துச் சுவரோரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்காக வருந்துகிறேன். அப்போது நானும் அம்மாவும் எங்கள் வண்டியின் அருகில்தான் இருந்தோம். வண்டியைத் துடைக்க வந்திருந்தோம். தங்கள் வாகனம் போட்ட புகையில் மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று. அதன் முன்கண்ணாடியில் செல்லுபடியாகும் சான்று ஒன்று பளிச்சென்று ஒட்டியிருந்தது.

16. எனவே நான் வேண்டுவது ஒரே ஒரு வரி: நான்காம் வரியையோ ஏழாம் வரியையோ, தங்களுக்கு எது மனத்துக்கு எளிதோ அதை, கால்மணி நேரத்துக்கு மட்டும் தளர்த்தி 20ஆம் தேதிக்குள் ஆணையிட வேண்டும். விளக்கு அணைந்த பின் எங்கள் வண்டியை மறுபடி சோதித்து, தேறினால் சான்று தர வேண்டும். கருவியின் முனையை எங்கள் குழாய்க்குள் எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கலாம். சலுகை எதுவும் கேட்கவில்லை.

17. ஆணை கிடைத்த அன்றே வண்டியை எடுத்துவிடுவோம். அது கிளம்பும்போது புகை தெரியாது, வாடையும் இருக்காது. சன்னல் மூடியிருந்தால் நாங்கள் போனதே தங்களுக்குத் தெரியாமல் போகலாம். தங்கள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
வண்டி உரிமையாளரின் இளைய மகள்

இடம்: தங்கள் சன்னலுக்குக் கீழே, வண்டியின் முன்னிருக்கை
நாள்: 14ஆம் தேதி, வெள்ளி

இணைப்புகள்:
1. எங்கள் வண்டியின் புகை அளவுச் சீட்டு.
2. முத்திரையிட்ட கடிதம்.
3. வெள்ளைக் கைக்குட்டை ஒன்று. இரண்டாம் சோதனையின்போது எங்கள் வண்டியின் புகைக்குழாய் வாயில் அம்மா ஒரு நிமிடம் பிடித்திருந்தது.
4. கைக்குட்டை மற்றொன்று. ஐந்தாம் நாள், தங்கள் ஓட்டுநரின் அனுமதியோடு, தங்கள் வாகனத்தின் குழாய் வாயில் அதே ஒரு நிமிடம் பிடித்திருந்தது. இதுவும் வெள்ளைதான். அம்மா மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டார். மூன்றாம் இணைப்பைத் திருப்பித் தரவும். இதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.