மோட்டார் ஓடாத மூன்று வாரம்

14-3-96, வியாழன்

அன்னூர்த் தோட்டத்தில் வைத்திருக்கும் எங்கள் ரேடியோ தொலைநோக்கி எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை பிடிக்கும் என்று மூன்று வாரமாகப் பகலில் அளந்தேன். நம்ப முடியாத அளவுக்கு நல்ல எண்கள். நேற்று கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

இன்று தோட்டத்துக்காரர் பழனிச்சாமி கேட்டார்: "ஏனுங்க சார், வேலை முடிஞ்சுதுங்களா? இனி பகல்ல மோட்டார் ஓட்டிக்கலாமுங்களா?"

"நான் நிறுத்தச் சொல்லவே இல்லையேங்க?"

"உங்க மிசினுக்கு எடைஞ்சலாயிருமேன்னு, நீங்க வந்தாலே நிறுத்திப்போடுவேனுங்க. பக்கத்துத் தோட்டத்துலயும் சொல்லி வெச்சிருக்கறனுங்க."

மோட்டாரை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். மெல்லிய சிக்னல் எதுவும் தேறவில்லை. மோட்டாரின் மின் இரைச்சல் மட்டும்தான்.

அவருடைய வாழை வாடி நிற்பதையும் இன்றுதான் கவனித்தேன். கட்டுரையின் கடைசியில் ஏழு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் பெயர் இல்லை.