மும்தாஜின் நண்டு அட்டை

7.11.83, திங்கள்
விடாத மழை. கோட்டைக்குப்பத்திலிருந்து பழவேற்காடு வரை நனைந்துகொண்டே நடை, பிறகு பஸ். கல்லூரிக்கு அரை மணி தாமதம்.
தபால் வழி பி.எஸ்ஸி. விலங்கியலுக்குக் கேள்வி அட்டைகள். நான் ஒரு கட்டு, மும்தாஜ் ஒரு கட்டு. கேள்விக்கு மூன்று விடை. எதைத் தேர்ந்தாலும் வேறொரு எண் அட்டைக்குப் போகச் சொல்லும். தப்பென்றால் ஏன் தப்பென்று அங்கே இருக்கும். துறைத் தலைவர் சார் தேர்ந்தெடுக்கும் கட்டுதான் அச்சுக்கு, செய்தவர் பெயரோடு.
லேபில் எனக்குப் பத்து வருஷம். அவளுக்கு ஒன்றரை.
வாங்க: கோந்து, கெட்டி அட்டை, குடை.

9.11, புதன்
என் கட்டில் 18-லிருந்து 31, அங்கிருந்து மறுபடி 18. படிப்பவன் சுற்றிக்கொண்டே இருப்பான். திருத்த வேண்டும்.
அவளுடையதைப் பார்த்தேன். நண்டுப் படம். மேலே ஒட்டிய காகித ஓட்டைத் தூக்கினால் உள்ளே செவுள், இதயம், எல்லாம் வண்ணத்தில். மாணவிகள் மொய்க்கிறார்கள். "மேடம், இன்னொரு வாட்டி தூக்கிப் பாக்கட்டா?" என்னுடையதை ஒருத்தியும் தொடவில்லை.
"நல்லா இருக்கும்மா" என்றேன். வயிறு எரிகிறது, பாவி.

11.11, வெள்ளி
மாட்டினாள்! அவளுடைய 12-ஆம் அட்டை. 'ஆண் நண்டு' என்று போட்டிருக்கிறாள். வயிற்று மடிப்பு ஆணுக்கு இவ்வளவு அகலம் வராது. அது பருவத்துக்கு வராத பெண். சொல்லவில்லை. சார் முன்னால் வைத்துக்கொள்கிறேன்.
அம்மா: "இன்னாடி, தானா சிரிச்சிக்கினு கீற?"

14.11, திங்கள்
வெயில். சாரிடம் 12-ஐ நானே எடுத்துக் காட்டினேன்.
"எதைப் பாத்தும்மா வரைஞ்சே?"
மும்தாஜ் என்னை ஒரு பார்வை. "என் தப்புதான் சார்."
சார் என் கட்டை எடுத்துக்கொண்டார்.
மத்தியானம் லேபில் ஒரு புட்டியை என் முன்னால் வைத்தாள். பார்மலினில், அவள் பார்த்து வரைந்த அதே நண்டு. லேபிளில் 'ஆண்', என் கையெழுத்து. மூன்று வருஷம் முன்பு, நண்டு விற்கும் அம்மாவின் கூடையிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் சினை நண்டுக்குத் தனிக் கூடை, மிச்சமெல்லாம் ஆண் கூடை. புரட்டிப் பார்க்காமலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.
"சார்கிட்ட ஏம்மா சொல்லல?"
"உங்களப் போயி எப்டிக்கா மாட்டி வுடறது?"
அந்த நல்ல மனசும் அவளுக்கே. அதைத்தான் தாங்க முடியவில்லை.
நாளை சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அச்சில் அவள் பெயர்.
புட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.