எருமை இஞ்சினும் ஒரு கட்டிக் கற்பூரமும்

எருமைக்கு வக்காலத்து வாங்கிய என் புவனேஸ் மச்சாளுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். குணக்குன்றாம். பொறுமையில் பூமாதேவியாம். பொறுமையா? நீங்களா? அதை வாசித்துவிட்டு, அந்தத் துக்கத்திலும் நானும் உங்கள் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

எங்கள் வள்ளத்தைப் பற்றியோ அதன் இஞ்சினைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தக் கடிதம். வருஷம் முடிந்து ஆட்டைத் திவசம் வரட்டும், அப்போது எழுதலாம் என்று இருந்தேன். அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலன்று நடந்ததற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும். நான் உங்களோடுதான் கதைக்கிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுக்கரைப் பெட்டை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் பிள்ளை. சிவம் என்னைக் கட்டிக்கொண்டு கடலோரக் களப்புக் கரைக்கு வந்தபோது உங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் வாசலுக்கே வரவில்லை. அவருடைய ஒரே அக்கா நீங்கள், நீங்கள் வந்தீர்கள். சாதி கேட்கவில்லை, சீதனம் கேட்கவில்லை. நீந்தத் தெரியுமோ என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "அப்ப கொஞ்சம் பாத்து நட பிள்ளை, இஞ்ச வாசலைத் தாண்டினால் தண்ணி" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அந்த நடையை நான் மறக்கவில்லை.

மாரி வந்தால் தெரு வெள்ளத்துக்குள் போய்விடும். இந்தக் கரையில் இருக்கிற சனத்துக்கு ஆஸ்பத்திரி, சந்தை, கோயில் எல்லாம் அக்கரையில். இடம்பெயர்ந்து வந்த சனமும் சேர்ந்த பிறகு ஒரு பயணிகள் வள்ளம் இல்லாமல் முடியாது என்ற நிலை. பல வள்ளம் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி ஒருவர் தன் பழைய பெரிய வள்ளத்தை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் கையில் கிடந்த காப்புகளைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தீர்கள். கேட்காமலே கொடுத்தீர்கள்.

வள்ளம் சரி. வில்லங்கம் இஞ்சினில்தான் வந்தது. சம்மாட்டியின் கொட்டிலில் இரண்டு இஞ்சின் கிடந்தன. ஒன்று பழைய காரிலிருந்து கழற்றிய பெற்றோல் இஞ்சின். மற்றது அரிசி ஆலையில் ஓடிக் களைத்த டீசல் இஞ்சின். எது வேண்டுமென்றாலும் பூட்டித் தருவேன், பிறகு வந்து மாற்றித் தா என்று நிற்கக்கூடாது என்று அவர் முதலே சொல்லிவிட்டார்.

சிவம் கார் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தபோதே அதற்குத் தாலி கட்டிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சண்டையால் பெற்றோலும் டீசலும் தடையில் இருந்த காலம். சங்கக் கடையில் கிடைப்பது மண்ணெண்ணெய் மட்டும். கார் இஞ்சினுக்குச் சில துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாம். ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் ஓடின. சட்டைப்பையில் மருந்துப் போத்தலில் பெற்றோல் இல்லாத ஆம்பிளையை அப்போது பார்த்திருக்கிறோமா? டீசல் இஞ்சினோ பாரம், வேகமில்லை, கைபிடி போட்டுச் சுற்றினால் தோள் கழன்றுவிடும். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கார் இஞ்சின் பக்கம். நானும்தான். வேகமாகப் போக யாருக்கு ஆசை இல்லை?

நீங்கள் மட்டும் குனிந்து கார் இஞ்சினை மணந்து பார்த்தீர்கள், மீன் வாங்கப் போனால் மணந்து பார்ப்பீர்களே, அப்படி. இது பூட்டினால் பெற்றோல் ஆவி பலகைக்குக் கீழே போய் நிற்கும், ஒரு பொறி போதும், டீசல் அப்படி லேசில் பற்றாது என்றீர்கள். காற்றுக்குப் போய்விடும் அக்கா என்றார் சிவம். அப்போது நீங்கள் நிமிர்ந்து சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் காதில் இருக்கிறது.

"தம்பி, இந்த வள்ளத்தில ஆர் ஏறப்போகினம்? எங்கட சனம். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் கற்பூரம் கொளுத்துவினம், காய்ச்சல் மாறினாலும் கொளுத்துவினம். நடுக் களப்பில கோயில் பறை கேட்டால் அதிலயே கொளுத்துவினம். கொளுத்த வேண்டாமெண்டு நீ எழுதி ஒட்டு. ஆர் கேக்கப்போகினம்? நானே கேக்கமாட்டன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். டீசல் உடம்புக்குச் சூடில்லை என்றும் ஒரு விளக்கம் சொன்னீர்கள் பாருங்கள், சம்மாட்டியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் காப்பு உங்களுடையது. டீசல் இஞ்சின் வந்தது.

சிவம் அதற்கு வைத்த பெயர் எருமை. பெயர் நிலைத்துவிட்டது. கரையில் சைக்கிளில் போகிறவன் எங்களை முந்திக்கொண்டு கை காட்டிவிட்டுப் போவான். டீசல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றுவோம். களப்பு முழுக்க வடை சுடுகிற மணம். சின்னப் பிள்ளைகள் வடை கேட்டு அழும். நீங்கள் இஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்துகொண்டு போகிற வருகிற சனத்தின் கதை எல்லாம் கேட்பீர்கள். வள்ளம் மெதுவாகப் போன புண்ணியத்தில் அக்கரை சேருமுன் நீங்கள் பேசி முடித்த கலியாணங்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பிறகு போன மாரி வந்தது.

காய்ச்சலை ஏன் மச்சாள் ஒளித்தீர்கள்? கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, ஒன்றுமில்லை, தடிமன் சளிதான் என்றீர்கள். மலேரியா என்று தெரிந்தபோது நீங்கள் ஆளை அடையாளம் தெரியாமல் கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள். தெரு வெள்ளத்துக்குள். வாடைக்காற்று எதிரே. வள்ளத்தில் உங்களைக் கிடத்திக்கொண்டு போனோம். எருமை தன் நடையில்தான் போனது. சிவம் அதைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டே ஓட்டினார், அழுதுகொண்டே ஏசினார். நடுக் களப்பில் உங்களுக்கு ஒருதரம் நினைவு வந்தது. இஞ்சின் பெட்டியில் கையை வைத்தீர்கள். "அதை ஏசாத தம்பி. அது தன்ர பாட்டில போகட்டும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.

கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் நாட்களைச் சொன்னாரோ, நிமிஷங்களைச் சொன்னாரோ தெரியாது. சிவம் நிமிஷமாகவே எடுத்துக்கொண்டார். கார் இஞ்சின் என்றால் அக்கா இருந்திருப்பா என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். இல்லை என்று சொல்ல எனக்கும் தெரியாதே. இன்றைக்கும் தெரியாது.

மாரி முடிந்ததும் அவர் சம்மாட்டியிடம் போய்விட்டு வந்தார். கார் இஞ்சின் கொட்டிலில் அப்படியே கிடக்கிறதாம். மாற்றித் தரமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன மனிசன், உங்கள் பெயரைக் கேட்டதும் சரி என்றுவிட்டாராம். வைகாசிப் பொங்கல் முடிந்த கையோடு எருமையைக் கழற்றுவது என்று பேச்சு. நான் தடுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவர் உருகிக்கொண்டிருந்தார்.

பொங்கலன்று நல்ல வெயில். வள்ளம் நிறையச் சனம், நேர்த்திக் காவடி, பானை, அரிசி. பொங்கல் நாளில் எண்ணெய் கலக்கக்கூடாது, அம்மனிடம் வடை மணத்தோடு போகக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம் அல்லவா? இஞ்சினோடு கோபம் இருந்தாலும் சிவம் அந்தச் சட்டத்தை மீறவில்லை. உடையார்கட்டில் ஒரு ட்ரக்டர்காரரிடம் கெஞ்சி நல்ல டீசல் வாங்கி வந்திருந்தார். உங்கள் இடத்தில், இஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில், எங்கள் மகள் துளசி இருந்தாள்.

பாதி வழியில் எருமையின் சத்தம் மாறியது. சிவம் இஞ்சின் குழியின் மூடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய்க் குழாய் வெடித்து, உள்ளே தேங்கி நின்ற தண்ணீருக்கு மேல் டீசல் பரவிக் கிடந்தது. அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, சைக்கிள் ரியூப் கிழித்த துண்டால் குழாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் நின்ற அமைதியில் அக்கரைக் கோயிலின் பறை கேட்டது.

அவ்வளவுதான், சனம் எழும்பிவிட்டது. துளசிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, மகனுக்குக் காய்ச்சல் மாறியதற்கு நேர்த்தி போலிருக்கிறது, வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திக் கோயில் பக்கம் காட்டினா. நான் வாயைத் திறக்குமுன் காற்று வெற்றிலையை மடக்கியது. எரிகிற கற்பூரம் உருண்டு, பலகையில் ஒருதரம் தட்டி, திறந்து கிடந்த அந்தக் குழிக்குள் விழுந்தது.

நான் பார்த்தேன். சிவம் பார்த்தார். அவருடைய கை எண்ணெய்க்குள் இருந்தது. துளசியின் கால் குழியின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

கற்பூரம் ஒரு கணம் நின்று எரிந்தது. பிறகு சுர் என்று ஒரு சத்தம். அணைந்துவிட்டது. சிவம் நனைந்த சாக்கை இழுத்து அதன்மேல் போட்டு அமத்தினார். அமத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பெற்றோல் ஆவி அந்தக் குழிக்குள் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதமாட்டேன். நீங்கள் அன்றைக்கே மணந்து பார்த்துவிட்டீர்கள்.

வள்ளத்தில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிசிக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. அம்மனுக்குக் காட்டின கற்பூரம் அணைந்துபோச்சே, கூடாத சகுனமோ என்று அழத் தொடங்கிவிட்டா. வழக்கமாகச் சனத்தோடு வாய் திறக்காத உங்கள் தம்பி, எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து அவவைப் பார்த்தார்.

"இல்லையம்மா. இதைவிட நல்ல சகுனம் இல்லை" என்றார்.

பிறகு மூடிப் பலகையைப் போட்டு, அதன்மேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதார். அப்பாவுக்கு என்ன என்று துளசி கேட்டாள். உன்ர புவனேஸ் மாமியை நினைச்சிட்டார் என்றேன். அது உண்மைதானே? மாமி இருக்கிற இடத்தில் நான் இருக்கிறன் எண்டோ என்றாள். ஓம் என்றேன்.

அடுத்த நாள் சிவம் சம்மாட்டியிடம் போய் இஞ்சின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து எருமைக்குப் புதுக் குழாய் போட்டார், துடைத்தார், நெற்றியில்லாத அதற்கு எங்கேயோ ஒரு இடம் பார்த்துத் திருநீறு பூசினார். உங்களைக் கொண்டுபோன அந்தப் பயணம் அவர் நெஞ்சை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எதிர்க்காற்று அடித்தால் இப்போதும் இஞ்சின் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். ஆனால் இஞ்சினை ஏசுவதில்லை. நீங்கள் ஏசாதே என்றீர்களே.

மச்சாள், நடந்த நன்மைக்குச் சனம் நன்றி சொல்லும். நடக்காமல் போனதற்கு யார் சொல்வார்கள்? அன்றைக்கு எங்களோடு வந்தவர்கள் பொங்கிப் படைத்து, பின்னேரம் எங்களோடே திரும்பி வந்து, என்ன அண்ணை உங்கட எருமை இவ்வளவு மெதுவாய்ப் போகுது என்று குறைப்பட்டுக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவர்களுக்காகவும் சேர்த்து நான் சொல்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை மச்சாள். ஒன்றுமே நடக்கவில்லை. நன்றி.

நான் இருக்குமட்டும் இந்த வள்ளத்தில் எருமைதான் ஓடும். பறை கேட்டுச் சனம் கற்பூரம் கொளுத்தினால் தடுக்கமாட்டேன். முதலில் மூடிப் பலகையைப் போட்டுவிட்டு, பிறகு நானும் ஒரு கட்டி கொளுத்துவேன், உங்களுக்கு. துளசிக்கு நீந்தப் பழக்குகிறார் அப்பா. கரையில் நின்று பார்க்காமல் நானும் இறங்கிவிட்டேன். தண்ணீர் இப்போதைக்கு இடுப்பு மட்டும்.

வாசலுக்கு வந்து நீங்கள் பெட்டி தூக்கிய,
உங்கள் தம்பி பெண்சாதி, துளசியின் அம்மா,
செல்வி