அறுபத்தோராம் பக்கத்து அம்மா

மோர்னிங்சைட்,
மே 19

அன்பு மகள் ஷரோனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. ஹலிபாக்ஸில் நீயும் சுகம் என்று வாட்ஸ்அப்பில் நீ போடுகிற கட்டைவிரலை வைத்து ஊகித்துக்கொள்கிறேன். நாலு கிழமையாக அந்த விரலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நான் உனக்குப் போன் எடுத்தால் வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட ஏலாது, அதுதான் பேனை எடுத்தேன்.

பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்து, நீ விட்டுப்போன பெட்டியை மேலே தூக்கி வந்தேன். உள்ளே முழுக்கப் புத்தகம், மனிதர் ஏன் இப்படி யோசிக்கிறார்கள், ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று. இருபத்தைந்து வருடமாக நான் வாசித்த இங்கிலிஷ் கடை ஃபிளையரும் கரண்ட் பில்லும்தான். காயவைக்க விரித்த பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சும்மா பார்த்தேன் பிள்ளை, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது! விளங்காத சொல்லைப் போனில் பார்த்துப் பார்த்து இதுவரை மூன்று புத்தகம் முடித்துவிட்டேன். யாரோ எங்கள் சொந்தக்காரரை ஒளித்திருந்து பார்த்து எழுதியது போலல்லவா இருக்கிறது. கண்ணுக்கு நேரே இருப்பதைத்தான் மனிதர் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அப்பாவின் சீனி வருத்தத்துக்காக ஃபிரிட்ஜில் கேக்கைக் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டுப் பாவற்காய்ச் சம்பலைக் கண்மட்டத்தில் வைத்தேன். அவர் இப்போது குனிந்து கேக் எடுக்கிறார், முழங்கால் நோவு அதனால்தான்.

மற்ற எல்லாரும் செய்கிறார்கள் என்றால் மனிதர் தாங்களும் செய்வார்களாம். எங்கள் கோயில் பாடகர் குழு ஆறரை என்றால் ஏழரைக்கு வருகிற கூட்டம், உனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, மற்ற எல்லாரும் ஆறரைக்கே வருகினம், நீங்கள்தான் பிந்துவீங்களோ தெரியாது என்றேன். சொன்னால் நம்பமாட்டாய், பதினாலு பேரும் ஆறரைக்கு வந்து நின்றார்களாம். நான் போய்ச் சேர ஏழு பத்து. கீபோர்ட் வாசிக்கிற மாக்கஸ் அண்ணை எல்லார் முன்னாலும், றோசலின், உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் போன் எடுக்கேல்லையோ என்று கேட்டார். றோட்டில் வேலை நடக்குது, மழை, இவர் காலுக்குப் போடச் சப்பாத்துத் தேடினவர் என்று ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னேன். சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது, அன்று மத்தியானம் வாசித்தது ஞாபகம் வந்தது. அடுத்தவர் பிந்தினால் அவர் குணம் பிழையாம், நாங்கள் பிந்தினால் றோட்டுப் பிழையாம்.

வீட்டுக்கு வந்து பச்சைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பிரித்தேன், அறுபத்தொன்று. ஓரத்தில் பென்சிலால் மங்கலாக நீ எழுதியிருந்தாய்: அம்மா. ஒரே சொல். பெற்ற தாயைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாளே என்று எனக்கு வந்த கோபம்! அப்பாவிடம் காட்டினால் அவர் கேக்கை மென்றுகொண்டே, ஓம், பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கு என்றார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் யோசித்தேன். ஈஸ்டருக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதும், உனக்குக் கல்நெஞ்சு என்று கத்தினேன். போன ஒக்டோபரில் உன் பட்டமளிப்புக்கு வராததற்கு நான் என்ன சொன்னேன்? பிளேனில் காது அடைக்கும் என்றேன். ஷரோன், எனக்குக் காது அடைப்பதில்லை. பார்மசி வேலையை விட்டுவிட்டு மனிதரின் மனத்தைப் படிக்கப் போகிறேன் என்று நீ போனது பிடிக்காமல் வீம்புக்கு இருந்துவிட்டேன். மேடையில் நின்று நீ கீழே பார்த்திருப்பாய், அங்கே அம்மா இல்லை. நினைக்க எனக்கு நெஞ்சு வேகிறது, பிள்ளை.

ஜூன் பதின்மூன்று பின்னேரம் நானும் அப்பாவும் வந்து இறங்குகிறோம், டிக்கெட் போட்டாச்சு. எயார்போர்ட்டுக்கு நீ பிந்தி வந்தால் றோட்டைத்தான் ஏசுவேன். கேக் வாங்கி வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மழைக்கோட்டை மறக்காதே, மாதா உன்னைக் கைவிடமாட்டா. பச்சைப் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். அறுபத்தோராம் பக்கத்தை எடுத்துப் பார். நீ எழுதிய ‘அம்மா’வுக்குக் கீழே, அழிக்க ஏலாதபடி பேனையால், ‘ஓம்’ என்று எழுதியிருக்கிறேன்.

பிந்தினாலும் வருகிற உன் அம்மா,
றோசலின்