ஒரு மட்ச் தவிர

இண்டைக்குப் பின்னேரம் லா சப்பல் தமிழ்க் கடையிலை ஆரோ ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைதவறிப் போட்டு உடைச்சிட்டினம். "தம்பி, காலை எடும், வழுக்கும்!" எண்டு கடைக்கார அண்ணை கத்தினார். நான் அசையேல்லை. உம்மடை பேஸ்போல் கிளவுஸின்ரை மணம் கடை முழுக்க நிண்டது.

தோலுக்குப் பூசவெண்டு கிளப்பிலை குடுத்த கிறீமை நீர் தொட்டும் பாக்கேல்லை. "தலைக்கு நல்லதெண்டா இதுக்கும் நல்லதுதானே" எண்டு நல்லெண்ணெய்தான் பூசுவீர். உம்மடை ரீமிலை இருந்த பிரெஞ்சுப் பெட்டையள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கும் கிளவுஸைப் பொரிச்சோ கொண்டு வந்தனீ?" எண்டு பகிடி பண்ணுவினம்.

ஒன்பது சீசன். அடிக்கிற ஆளுக்குப் பின்னாலை குந்தியிருந்து, வாற பந்து எல்லாத்தையும் வாங்கிறதுதான் உம்மடை இடம். ஊரிலை பள்ளிக்கூடத்திலை எல்லே எண்ட மட்டைப்பந்து விளையாடின கை அது. முழங்கால் வீங்கினாலும் போவீர், காய்ச்சலோடையும் போவீர். வலக்கைச் சின்னவிரல் முறிஞ்ச கிழமை, பக்கத்து விரலோடை சேர்த்துக் கட்டிப்போட்டுப் போனீர். "உமக்கென்ன விசரே?" எண்டு பேசினன். "பந்து பிடிக்கிறது மற்றக் கையாலை" எண்டு சிரிச்சீர். அந்த விரல் பிறகு நிமிரவே இல்லை.

மாசி மாசம் வேலையிலை நிண்டபடி விழுந்தீர். மூளைக்குள்ளை ரத்தம், உங்கடை மனுசியைக் காப்பாத்த ஏலேல்லை எண்டு டொக்டர் சொன்னார். அதுக்குப் பிறகும் நான் சாப்பிடுறன், வேலைக்குப் போறன், லிஃப்டுகளைத் திருத்திறன். ஒண்டும் உறைக்கேல்லை.

போன கிழமை உம்மடை கோச் போன் எடுத்தா. உடுப்பு மாத்திற அறைக் கதவிலை உம்மடை பேரிலை பலகை ஒண்டு போடப்போகினமாம். "ஒன்பது சீசன், ஒரு மட்ச்சும் தவறவிடாதவ எண்டு எழுதட்டோ? ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சொல்லுங்கோ" எண்டா. என்னாலை உடனை ஓம் எண்டு சொல்ல ஏலேல்லை. நீர் ஒண்டு தவறவிட்டனீர்.

எனக்கு அப்ப ஊருக்குப் போக விசாப் பேப்பர் இல்லை. யாழ்ப்பாணத்திலை என்ரை அப்பான்ரை செத்தவீட்டை போனிலைதான் பாத்தனான். உங்கடை ரீமுக்கு அண்டைக்கு அரையிறுதி. முழங்கால் கவசம் கட்டி, பையும் தோளிலை, கதவடியிலை நிண்டனீர். "நீர் போம், நான் தனியப் பாப்பன்" எண்டன். பையை இறக்கி வைச்சிட்டு வந்து பக்கத்திலை இருந்தீர். என்ரை கை நடுங்கினதிலை அப்பான்ரை முகம் பிடிபடேல்லை. நீர் போனை வாங்கினீர். சுடலைக்குக் கொண்டு போகுமட்டும் அந்தக் கோணல் விரலோடை பிடிச்சிருந்தீர். கொஞ்சமும் ஆடேல்லை. "பந்து வரேக்கை கை அசையக்கூடாது, அவ்வளவுதான்" எண்டு பிறகு சொன்னீர். அண்டைக்கு உங்கடை ரீம் தோத்தது. அதைப்பற்றி ஒருநாளும் நீர் கதைக்கேல்லை.

இண்டைக்குக் கடையாலை வெளியிலை வந்து, றோட்டிலை நிண்டபடியே கோச்சுக்கு எடுத்தன். "ஒரு மட்ச் தவிர எண்டு எழுதுங்கோ" எண்டன்.

"எனக்குத் தெரியும்" எண்டா. "அண்டைக்கும் அவளின்ரை பேரை விளையாடின ஆக்களின்ரை பட்டியலிலை போட்டது நான்தான். ஒண்டும் தவறவிடேல்லை எண்டாத்தானே வடிவு?"

"நான் லிஃப்ட் திருத்திறவன். ஓடின நாளை நாங்கள் எழுதிறேல்லை. நிண்ட நாளைத்தான் எழுதிறது" எண்டன். அதுக்கு மேலை பிரெஞ்சு வரேல்லை.

அவ "ஒரு மட்ச் தவிர" எண்டு தனக்குள்ளை ஒருக்காச் சொல்லிப் பாத்தா. பிறகு, "சரி, எழுதிறன்" எண்டா.

வீட்டை வந்து கிளவுஸை எடுத்துப் பாத்தன். விளிம்பிலை தோல் வெடிக்கத் துவங்கியிருக்கு. நல்லெண்ணெய் பூசி வைச்சிருக்கிறன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைப் படம் எடுத்து ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்பவேணும். அந்த ஒரு மட்ச் ஏனெண்டு அவவுக்குத் தெரியும். போனைப் பிடிக்க நீர் இல்லை. இடக்கையாலை வலக்கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு எடுப்பன். கை அசையக்கூடாதெல்லே.